செயற்கைக்கோள் ஓசோன் டேட்டாவில் 2000க்கு அப்புறம் தெரியும் சரிவு நிஜமா, கருவியின் கோளாறா?

மலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற மொத்த ஓசோனை 1979லிருந்து ஒரே கோடாகப் போட்டு, கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்த டாம்ஸ் (மேலிருந்து ஓசோனை அளக்கும் கருவி), அடுத்து மீட்டியோர்-3 டாம்ஸ், அதற்கப்புறம் எர்த் புரோப் டாம்ஸ், 2004க்குப் பிறகு ஆரா செயற்கைக்கோளில் அதே வேலையைச் செய்யும் ஓமி. இந்த நான்கின் டேட்டாவையும் இறக்கி வரிசையாக ஒட்டினேன்.

ஒட்டிப் பார்த்தால் மூன்று விஷயம் உறுத்துகிறது. 1994 டிசம்பரிலிருந்து 1996 ஜூலை வரைக்கும் ஒன்றுமே இல்லை. எர்த் புரோப்பின் பிற்பகுதி, அதாவது 2000க்கு அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவது போல இருக்கிறது. ஓமி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு படி ஏறுகிறது. மொத்தத்துக்கும் ஒரு நேர்கோடு போட்டால் இறக்கம் வருகிறது. கொடைக்கானலில் ஓசோன் குறைந்துவருகிறது என்று அறிக்கையில் எழுதலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வடகாற்று:

இப்போதைக்கு எழுத வேண்டாம் அம்மா. நீங்கள் பார்த்த மூன்றுமே வானத்தைவிடக் கருவிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன. இருபது வருஷத்துக்கு மேல் இந்த டேட்டாவோடு பழகியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எர்த் புரோப். அதன் ஸ்கேன் செய்யும் கண்ணாடி 2000 வாக்கில் சீராக இல்லாமல் கெட ஆரம்பித்தது. பார்க்கும் கோணத்துக்கு ஒரு பிழை, அட்சரேகைக்கு ஒரு பிழை என்று கலந்து வந்ததால் முழுசாகத் திருத்த முடியவில்லை. அந்தப் பிற்கால டேட்டாவை நீண்டகாலப் போக்கு கணிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று நாசாவே சொல்லிவிட்டது. அந்தக் குறிப்பு டேட்டாவோடு வரும் விளக்கக் கோப்பில் இருக்கும். எண்களை மட்டும் இறக்கிக்கொண்டால் அது கண்ணில் படாது.

இங்கே ஒரு வித்தியாசம் மனசில் பதிய வேண்டும். ஒரு கருவி எப்போதும் 2 விழுக்காடு கூட்டியே காட்டுகிறது என்றால் அது பெரிய தொந்தரவு இல்லை. கழித்துவிடலாம். போக்கு என்று வரும்போது அந்த மாறாத வித்தியாசம் கோட்டின் சாய்வைத் தொடாது. ஆனால் முதல் வருஷம் சரியாகக் காட்டி, பத்தாவது வருஷத்தில் 1 விழுக்காடு குறைத்துக் காட்டினால் ஆபத்து. இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். அது ஓசோன் குறைவு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

ஏன் வருகிறது? டாம்ஸ் போன்ற கருவி பூமியிலிருந்து திரும்பி வரும் புற ஊதா ஒளியை அளந்து, அதை நேராகச் சூரியனிலிருந்து வரும் ஒளியால் வகுக்கிறது. சூரியனை நேரே பார்த்தால் தாங்காது என்பதால், ஒரு சிதறல் தகட்டின் மேல் வெயிலை விழ வைத்து அதைப் பார்க்கிறது. விண்வெளியில் வெயில் பட்டுப் பட்டு அந்தத் தகடு மங்கும். குறுகிய அலைநீளத்தில் மங்கல் அதிகம். நாம் கணக்கில் எடுத்ததைவிட அதிகமாக மங்கிவிட்டால் சூரிய ஒளி குறைவாகப் பதிவாகும். அப்போது பூமியின் எதிரொளிப்பு குறுகிய அலைநீளத்தில் கூடியது போலத் தோன்றும். அந்த அலைநீளத்தைத்தான் ஓசோன் அதிகமாக உறிஞ்சுகிறது. ஒளி கூடுதலாகத் திரும்பி வந்தது போலத் தெரிவதால் ஓசோன் குறைந்துவிட்டது என்று கணக்கு முடிவு சொல்லும். மங்கியது தகடுதான், ஓசோன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நிம்பஸ்-7ல் இதுதான் நடந்தது. 1980களின் நடுவில் உலகம் முழுக்க வருஷத்துக்கு 1 விழுக்காடு அளவில் ஓசோன் விழுகிறது என்று அந்த டேட்டா காட்டியது. 1988 மார்ச்சில் ராபர்ட் வாட்சன் தலைமையில் வந்த ஓசோன் போக்குக் குழு, அந்தச் சரிவில் பெரும்பகுதி தகட்டின் மங்கல் என்று காட்டியது. அதற்காக ஓசோன் குறையவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. தரையிலிருந்தே சூரிய ஒளியைப் பார்த்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து பார்த்ததில், வடக்கு 30 முதல் 64 பாகை வரையில் 1969க்கும் 1986க்கும் இடையே 1.7 முதல் 3 விழுக்காடு நிஜமாகவே குறைந்திருந்தது. பொய்ச் சரிவுக்குள் ஒரு மெய்ச் சரிவு. இரண்டையும் பிரித்தெடுத்ததுதான் அந்தக் குழு செய்த பெரிய வேலை.

---

தரைத்தளம்:

வடகாற்று சார் சொன்னதிலிருந்தே என் முடிவும் வருகிறது. தகடு மங்கினால் மேலே போய்த் துடைக்க யாரால் முடியும்? கீழே இருக்கிற டாப்சனைக் கழற்றலாம், திருத்தலாம், இன்னொரு டாப்சனோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உலகத் தர டாப்சன் கருவி எண் 83ஐ ஹவாயின் மௌனா லோவா மலைக்குக் கொண்டுபோய்ச் சூரியனை வைத்தே சரிபார்க்கிறார்கள். அந்தச் சங்கிலிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அதுவும் கொடைக்கானல் என்றால் கேட்கவே வேண்டாம். 1928லேயே, இந்தக் கருவியை உருவாக்கிய டாப்சன் தன் முதல் தலைமுறைக் கருவிகளில் ஒன்றை அங்கே அனுப்பியிருக்கிறார். அப்போது ஒளிப்படத் தட்டில் பதிவு எடுத்து, அதை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிக் கழுவி அளந்தார்கள். 1957லிருந்து அங்கே டாப்சன் நிறமாலைமானியில் அளவெடுத்துவந்திருக்கிறார்கள். வெப்பமண்டலத்தில் இவ்வளவு பழைய பதிவு வைத்திருக்கும் இடங்கள் சொற்பம். நம் மலையில் இதை வைத்துக்கொண்டு விண்வெளிக் கருவியை ஏன் முதலில் தேட வேண்டும்? மலைச்சாரல், கொடைக்கானல் டாப்சனையே அடிப்படையாக வையுங்கள். செயற்கைக்கோளை அதற்கு ஏற்ப இழுத்துச் சரிசெய்யுங்கள்.

---

மலைச்சாரல்:

ரெண்டு பேருக்கும் நன்றி. டாப்சன் டேட்டா கொஞ்ச வருஷத்துக்கு என்னிடம் இருக்கிறது. ஒப்பிட்டபோது ஒரு சந்தேகம் வந்தது. பெரும்பாலான மாதங்களில் செயற்கைக்கோள் எண் டாப்சனைவிடச் சில டாப்சன் அலகு (மொத்த ஓசோனை அளக்கும் அலகு) கூடுதலாகவே வருகிறது. டாப்சன் சரி என்றால் ஓமி தப்பு என்று ஆகிவிடுமா?

---

வடகாற்று:

ரெண்டுமே சரியாக இருந்தும் அந்த வித்தியாசம் வரலாம். இதை ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள், மறக்காது.

கொடைக்கானல் நிலையம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 770 ஹெக்டோபாஸ்கல். டாப்சன் தனக்கு மேலே இருப்பதை மட்டும்தான் அளக்கும். ஓமியின் பிக்சல், அதாவது அது ஒரு அளவில் பார்க்கும் தரைப்பரப்பு, நேர் கீழே பார்க்கும்போதே 13க்கு 24 கிலோமீட்டர், ஓரங்களில் இன்னும் பெரிசு. அதற்குள் மலை முகடும் வரும், பள்ளத்தாக்கும் வரும், பழனிப் பக்கத்துச் சமவெளியும் வரலாம். சமவெளி 300 மீட்டர் உயரம் என்று வைத்தால், அங்கிருந்து நிலையம் வரைக்கும் சுமார் 200 ஹெக்டோபாஸ்கல் தடிமனுள்ள காற்று. அதில் ஓசோன் நூறு கோடிக்கு 35 பங்கு என்று எடுத்துக்கொண்டால் 5 முதல் 6 டாப்சன் அலகு கிடைக்கும். 260 அலகில் அது 2 விழுக்காடு. பிக்சலின் சராசரி உயரம் நடுவில் எங்கோ இருப்பதால் இதில் ஒரு பங்குதான் உங்கள் கிராஃபில் தெரியும்.

ஆக, கருவிகளின் கோளாறு என்று எழுதுவதற்கு முன்னால் இரண்டும் ஒரே காற்றைத்தான் அளக்கின்றனவா என்று கேட்க வேண்டும். நிம்பஸ்-7 டாம்ஸின் பிக்சல் 50 கிலோமீட்டர். இப்போதுள்ள ட்ரோபோமி 5.5க்கு 3.5 கிலோமீட்டர். கருவி மாறும்போது பிக்சலுக்குள் விழும் மலையின் பங்கும் மாறுகிறது. நீங்கள் பார்த்த படியில் இதற்கும் ஒரு கை இருக்கலாம்.

மேகம் இன்னொன்று. மேகத்துக்குக் கீழே இருக்கும் ஓசோனை மேலிருந்து பார்க்க முடியாது. அந்தப் பகுதிக்கு, வழக்கமாக இவ்வளவு இருக்கும் என்ற சராசரியை நிரப்பிக்கொள்கிறார்கள். கொடைக்கானலில் மழைக்காலம் என்றால் எத்தனை நாள் அப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தரைத்தளம் நண்பருக்கு: நீங்கள் சொன்ன சங்கிலியை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரே ஒரு நிலையத்தை வைத்துச் செயற்கைக்கோளை இழுக்கக் கூடாது. அந்த ஒரு டாப்சனில் ஒரு ப்ரிஸம் அசைந்திருந்தால், அந்தப் பிழையைச் செயற்கைக்கோளுக்கும் ஏற்றிவிடுவோம். டஜன் கணக்கான நிலையங்களைச் சேர்த்து வைத்தால்தான் ஒன்றின் குறை இன்னொன்றில் அடங்கும்.

---

பள்ளிக்கூடத்து மணி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அண்டார்டிகா ஓசோன் துளையை நாசாவின் கம்ப்யூட்டர் "இது தப்பான எண்" என்று தானாகவே அழித்துவிட்டது, பிரிட்டிஷ்காரர்கள் தரையிலிருந்து கண்டுபிடித்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள் என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். அது உண்மைதானே?

---

தரைத்தளம்:

தரை அளவீட்டின் பெருமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை சார். அண்டார்டிகாவில் பிரிட்டிஷாரின் ஹாலி பே நிலையத்தில் 1950களிலிருந்தே டாப்சன் வைத்து அளந்தார்கள். அக்டோபர் மாதத்தில் 300 அலகுக்குப் பக்கத்தில் இருந்தது 1984 வாக்கில் 200க்கும் கீழே வந்துவிட்டது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் உடனே அறிவித்துவிடவில்லை. கருவி பழசாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் வேறொரு டாப்சனைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதுவும் அதையே காட்டியது. 1985 மே மாதம் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

---

வடகாற்று:

ஹாலி பே கதை அப்படியே உண்மை. நாசா அழித்துவிட்டது என்பது மட்டும் உண்மை இல்லை. ஆசிரியர் என்பதால் தயவுசெய்து முழுசாகக் கேளுங்கள்.

டாம்ஸ் மென்பொருளில் 180 அலகுக்குக் கீழே வரும் அளவுகளுக்கு ஒரு குறி போடும் ஏற்பாடு இருந்தது. அந்த அளவுகளை அழிக்கவில்லை, "சந்தேகம், பார்க்கவும்" என்ற அர்த்தத்தில் அடையாளம் மட்டும் வைத்தது. 1984ல், அதற்கு முந்தைய அக்டோபரின் அளவுகளைப் பார்த்தபோது அண்டார்டிகா மேலே அந்தக் குறிகள் கொத்துக்கொத்தாக விழுந்திருப்பதைக் குழுவினர் கவனித்தார்கள். நல்ல விஞ்ஞானி என்ன செய்வாரோ அதையே செய்தார்கள். தரை அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். தென் துருவத்திலேயே ஒரு டாப்சன் இருந்தது. அது அந்தச் சமயத்துக்கு 300 அலகு என்று காட்டியது.

அந்த எண்தான் தப்பு. கருவியைத் தவறான அமைப்பில் வைத்து எடுத்த அளவு என்று பின்னால் தெரியவந்தது. தரை அளவீடு 300 என்கிறது, நம் கருவி 180க்குக் கீழே என்கிறது, எதை நம்புவது? அந்த இடத்தில்தான் தாமதம் விழுந்தது. அப்படியும் நாசா குழுவின் பவன் பார்த்தியா அந்த முடிவுகளை 1985 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த மாநாட்டில் வைத்தார். அதற்கான சுருக்கத்தை ஹாலி பே கட்டுரை அச்சேறும் முன்பே அனுப்பிவிட்டார்கள். பிறகு நாசாவின் ஸ்டோலார்ஸ்கி குழுவின் 1986 கட்டுரைதான் அந்தத் துளை ஒரு நிலையத்தின் மேலே மட்டும் இல்லை, கண்டம் முழுக்க விரிந்திருக்கிறது என்று வரைபடமாகக் காட்டியது.

ஹாலியில் ஒரு நல்ல டாப்சன் உண்மையைப் பிடித்தது. தென் துருவத்தில் தவறாக வைத்த ஒரு டாப்சன் அதே உண்மையை மறைத்தது. கருவி கீழே இருக்கிறது என்பதாலேயே சரியாகிவிடுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பலூனில் கட்டிவிடும் ஓசோன்சோண்டுகள் 2013 வாக்கிலிருந்து சில நிலையங்களில் திடீரென்று சில விழுக்காடு குறைத்துக் காட்ட ஆரம்பித்தன. ஒரு நிலையம் தன்னளவில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, வானத்தில் ஏதோ மாறிவிட்டது என்றுதான் நினைக்கும். ஓமி, ஓஎம்பிஎஸ், எம்எல்எஸ் என்று தனித்தனிச் செயற்கைக்கோள் கருவிகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் மாறியது சோண்டு என்று தெரிந்தது.

---

பள்ளிக்கூடத்து மணி:

இத்தனை வருஷம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்க வருத்தமாக இருக்கிறது. அடுத்த வாரமே வகுப்பில் திருத்திச் சொல்கிறேன். தென் துருவத்து 300 கதை பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகவே புரியும் என்று நினைக்கிறேன். நன்றி ஐயா.

---

தரைத்தளம்:

தென் துருவத்து விவரம் எனக்கும் புதுசு. ஒரு நிலையத்தை மட்டும் நம்பி இழுக்கச் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் தரை நிலையங்களை மூடிக்கொண்டே போனால் செயற்கைக்கோளைத் தட்டிக் கேட்க ஆள் இருக்காது என்ற கவலை மட்டும் எனக்கு மாறவில்லை.

---

வடகாற்று:

அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதில் நாம் ஒரே பக்கம்.

---

கணக்குப்பிள்ளை:

புள்ளியியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மலைச்சாரல் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

நாம் தேடும் சிக்னல் எவ்வளவு சின்னது தெரியுமா? 2022 உலக ஓசோன் மதிப்பீட்டு அறிக்கைப்படி, தெற்கு 60 முதல் வடக்கு 60 பாகை வரையில் மொத்த ஓசோன் 1996க்குப் பிறகு பத்தாண்டுக்கு 0.3 விழுக்காடு கூடியிருக்கிறது. நிச்சயமின்மை 0.2. ஒரு டாப்சன் அலகு என்பது ஓசோனை எல்லாம் தரை அழுத்தத்தில், 0 பாகையில் அமுக்கி வைத்தால் வரும் 0.01 மில்லிமீட்டர் தடிமன். 260 அலகில் 0.3 விழுக்காடு என்றால் ஒரு அலகுகூட இல்லை. பத்து வருஷத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மாற்றத்தை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் கெட்டுப்போன கருவிகளை ஒட்டவைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம்.

இப்போது ஒட்டில் வரும் பிழையைப் பாருங்கள். 25 வருஷப் பதிவின் நட்டநடுவில் ஒட்டு, அதில் 1 விழுக்காடு படி என்று வைத்துக்கொள்வோம். நேர்கோடு போட்டால் அந்தப் படி எவ்வளவு சாய்வைக் கொண்டுவரும்? படியின் உயரத்தை ஒன்றரையால் பெருக்கி மொத்தக் காலத்தால் வகுக்க வேண்டும். 1.5ஐ 2.5 பத்தாண்டுகளால் வகுத்தால் பத்தாண்டுக்கு 0.6 விழுக்காடு. நிஜமான சிக்னலைப் போல இரண்டு மடங்கு, ஒரே ஒரு ஒட்டிலிருந்து. உங்களுடையதில் மூன்று ஒட்டு, ஒரு ஓட்டை.

அந்த ஓட்டை விழுந்திருக்கும் இடம்தான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்து அடுக்கு மண்டலத்தைத் தூசுப்படலத்தால் நிரப்பியது. ஓசோனும் குறைந்தது, அளவீடும் தடுமாறியது. நிம்பஸ்-7 டாம்ஸ் 1993 மே மாதத்தில் நின்றது. மீட்டியோர்-3யின் சுற்றுப்பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்ததால் அது ஒரே நேரத்தில் கடந்து போகாது. காலை, மதியம், அந்தி என்று மாறிக்கொண்டே இருக்கும். அதுவும் 1994 டிசம்பரில் நின்றது. ஓசோனை அழிக்கும் குளோரின் உச்சத்துக்குப் போய்த் திரும்பியது 1990களின் பின்பாதியில். ஓசோன் திரும்புமுனையை நாம் தேடும் இடமும், பதிவு மிகவும் பலவீனமாக இருக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

கொடைக்கானலுக்கு இன்னொன்று. நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் சுமார் 28 மாதத்துக்கு ஒருமுறை அடுக்கு மண்டலக் காற்று கிழக்கு மேற்காக மாறும். அதோடு சேர்ந்து ஓசோனும் பல அலகு ஏறி இறங்கும். சூரியனின் 11 வருஷச் சுழற்சியும் ஒன்றிரண்டு விழுக்காடு ஆட்டும். இவற்றை விலக்காமல் நேர்கோடு போட்டால், எந்த மாதத்தில் ஆரம்பித்தோம் என்பதைப் பொறுத்துச் சாய்வே மாறிவிடும்.

---

மலைச்சாரல்:

அந்த 0.6 கணக்கை நானே ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிச் சரிபார்த்தேன். அப்படியே வந்தது. கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. அப்படியானால் 1979லிருந்து ஒரு கோடு போடுவது என்ற எண்ணத்தையே விட்டுவிடட்டுமா?

---

வடகாற்று:

விட வேண்டாம். நீங்கள் ஒட்ட வேண்டாம், ஒட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் செய்ததை எடுங்கள்.

புற ஊதா எதிரொளியை வைத்து ஓசோனை அளக்கும் எஸ்பியூவி வகைக் கருவிகள் நிம்பஸ்-7ல் தொடங்கி, நோவாவின் (அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) 9, 11, 14, 16, 17, 18, 19 எண் செயற்கைக்கோள்கள் வழியாகத் தொடர்ந்து பறந்திருக்கின்றன. இப்போது அந்த வேலையை ஓஎம்பிஎஸ் செய்கிறது. நேர் கீழே மட்டும் பார்ப்பதால் தினசரி வரைபடம் கிடைக்காது, பிக்சலும் பெரிசு. ஆனால் ஒரே வகைக் கருவி, ஒன்றின் மேல் ஒன்று பல மாதம் ஒன்றாகப் பறந்த காலம் உண்டு. டாம்ஸ் ஓட்டையையும் அதுதான் மூடுகிறது. அந்த மூடலும் பலவீனமானதே. நோவா-11ன் பாதை அப்போது அந்தி நேரத்தை நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. நாசா ஒரு இணைப்புப் பதிவும், நோவா இன்னொன்றும் வைத்திருக்கின்றன. கருவிகள் ஏறக்குறைய அவையே, ஒட்டிய முறை வேறு. இரண்டையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்துக்கே ஒரு போக்கு இருந்தால், அதைவிடச் சின்னதாக எதையும் நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சோதனை இல்லை. ஐரோப்பியர்கள் கோம், சியாமகி, கோம்-2 என்ற தனிக் குடும்பத்திலிருந்து 1995 முதல் கட்டிய பதிவும் இருக்கிறது. வேறு கருவி, வேறு கணக்குமுறை. அது மூன்றாவது சாட்சி.

ஓமியை எடுத்தால் ஒரு எச்சரிக்கை. 2007 ஜூனிலிருந்து அதன் 60 வரிசைகளில் சிலவற்றின் பார்வையை ஏதோ மறைக்கிறது. கருவிக்கு வெளியே உள்ள காப்புப் போர்வை பிய்ந்து குறுக்கே தொங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 2009 வாக்கில் அது நிறைய வரிசைகளுக்குப் பரவியது. கெட்ட வரிசைகளுக்கு டேட்டாவிலேயே குறி இருக்கிறது. அந்தக் குறியைப் பார்க்காமல் சராசரி எடுத்தால் வீண். குறிப்படி விலக்கிவிட்டால் மீதியுள்ளவை ஆச்சரியப்படும் அளவுக்கு நிலையாக இருக்கின்றன. இவ்வளவு அடிபட்ட பிறகும் இவ்வளவு நம்பகமாக ஓடிய கருவியை நான் பார்த்ததில்லை.

---

கணக்குப்பிள்ளை:

உயரவாரியாகப் பார்க்க ஆசைப்பட்டால் சேஜ், எம்எல்எஸ், ஓசிரிஸ் என்ற செயற்கைக்கோள் கருவிகளின் பக்கம் போகலாம், ஆனால் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அது தனிக் கடல். சேஜ்-2 சூரிய உதயத்திலும் அஸ்தமனத்திலும் மட்டும் அளந்ததால் நாள் ஒன்றுக்கு உலகம் முழுக்கவே 30 அளவுகள்தான். கொடைக்கானலுக்கு மேலே என்று தேடினால் கையளவுகூடத் தேறாது. மேல் அடுக்கு மண்டலத்தில் ஓசோன் மீள்கிறது என்பதில் எல்லாப் பதிவும் ஒத்துப்போகின்றன. கீழ் அடுக்கு மண்டலத்தில் தொடர்ந்து குறைகிறதா என்பது 2018ல் பால் என்ற ஆய்வாளரின் குழுவின் கட்டுரை வந்ததிலிருந்து ஓயாத விவாதம். அங்கே காற்றோட்டத்தின் ஆட்டமே சிக்னலை முழுங்கிவிடுகிறது.

---

மலைச்சாரல்:

போன வாரம் முழுக்க இதிலேயே உட்கார்ந்திருந்தேன். எர்த் புரோப்பின் பிற்பகுதியை விட்டுவிட்டு, இரண்டு எஸ்பியூவி இணைப்புப் பதிவுகளையும் 10 பாகை வடக்குப் பட்டைக்கு எடுத்துப் போட்டேன். 2000க்குப் பிந்தைய சரிவு முன்பு போல எடுப்பாக இல்லை. இரண்டையும் கழித்ததில் நடு 90களில் ஒரு மேடு தெரிகிறது, நீங்கள் சொன்ன ஓட்டை இருந்த அதே இடம். ப்ராஜெக்ட் தலைப்பை மாற்றலாம் என்று இருக்கிறேன். ஓசோன் கூடியதா குறைந்ததா என்று கேட்பதற்குப் பதில், கொடைக்கானலுக்கு மேலே எவ்வளவு சின்ன மாற்றத்தை இந்தப் பதிவுகளால் காட்ட முடியும் என்று கேட்கப் போகிறேன். டாப்சன் ஒப்பீட்டை எப்படி எடுத்துப் போவது என்று மட்டும் இன்னும் குழப்பம்.

---

வடகாற்று:

கேள்வியை மாற்றியது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பதில் "0.8 விழுக்காட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியாது" என்று வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். அதுவும் கண்டுபிடிப்புதான்.

டாப்சனுக்கு: ஒவ்வொரு அளவோடும் அது சூரியனை நேரே பார்த்து எடுத்ததா, உச்சி வானத்தைப் பார்த்து எடுத்ததா என்ற குறியீடு இருக்கும். மேகமூட்ட நாளில் உச்சி வானத்தைப் பார்த்து எடுத்தது அவ்வளவு துல்லியம் இல்லை. நேர்ச்சூரிய அளவுகளை மட்டும் பிரித்து எடுங்கள். அதே நாளில் செயற்கைக்கோள் பிக்சலிலும் மேகம் குறைவாக இருக்க வேண்டும். அப்படி எடுத்த சோடிகளின் வித்தியாசத்தை வருஷவாரியாகப் போடுங்கள். கோடு பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் கவலை வேண்டாம், மலை உயரம் அதைச் சொல்லிவிடும். சாய்ந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

---

தரைத்தளம்:

கருவியை எந்தெந்த வருஷம் சரிபார்த்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்ற பதிவேடு கிடைத்தால் அந்தத் தேதிகளையும் கிராஃபில் செங்குத்துக் கோடாகப் போடுங்கள் தங்கச்சி. படி ஏதாவது தெரிந்தால் அது யார் பக்கத்துப் படி என்று அப்போதுதான் புரியும்.

---

மலைச்சாரல்:

சரி அண்ணா, பதிவேட்டுக்கு நாளைக்கே கடிதம் எழுதுகிறேன். நேர்ச்சூரிய நாட்களை இன்று ராத்திரி பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஜூனிலிருந்து நவம்பர் வரைக்கும் சோடிகள் ரொம்பக் குறைவாகத்தான் தேறுகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கிறது. கிராஃப் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.